நியூராலஜி படிக்க எந்த வழி? டிஎம், டிஆர்என்பி, லண்டன் எம்எஸ்சி, அமெரிக்க ரெசிடென்சி

எம்டி ஜெனரல் மெடிசின் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சார், நீட் எஸ்எஸ்ஸைத் திரும்பத் திரும்ப எழுதிட்டு உட்கார்ந்திருக்கிறதுக்கு, லண்டன்ல கிளினிக்கல் நியூராலஜி எம்எஸ்சி ஒரு வருஷத்துல முடிச்சிட்டு வந்துடலாமா?" நீட் எஸ்எஸ் என்பது எம்டிக்கு மேலான சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு. எம்பிபிஎஸ் முடித்த கையோடு வருபவர்கள் இதோடு அமெரிக்காவையும் சேர்த்துக்கொள்வார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நியூராலஜிஸ்ட் (நரம்பியல் நிபுணர்) என்று போர்டு மாட்டி நோயாளி பார்க்க விரும்புகிறவருக்கு டிஎம் அல்லது டிஆர்என்பிதான் நேர்வழி. இரண்டும் எம்டிக்கு மேல் படிக்கும் நிபுணர் பட்டங்கள். வெளிநாட்டிலேயே வாழ நினைப்பவர் அந்த முடிவை எம்டி சேருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எம்டியும் முடித்து, டிஎம்முக்கு மூன்று வருடம் முயன்று, அதன் பிறகு அமெரிக்காவுக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வுப் புத்தகத்தைத் திறப்பவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். எம்எஸ்சி இந்த வரிசையிலேயே வராத வேறு ரகம். குழப்பம் அதில்தான் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லண்டன் எம்எஸ்சி எதைத் தரும், எதைத் தராது

லண்டனில் உள்ள குவீன் ஸ்கொயர் என்ற பெயருக்கு நியூராலஜியில் தனி மரியாதை உண்டு. 1859இல் பக்கவாதத்துக்கும் வலிப்புக்குமென்று அங்கே தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய நேஷனல் ஹாஸ்பிட்டல். ரிஃப்ளெக்ஸ் பார்க்க நாம் கையில் வைத்துத் தட்டும் நீளக் கைப்பிடி சுத்தியலுக்கே அந்தப் பெயர். அதை ஒட்டிய நியூராலஜி நிறுவனம் 1997இல் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனோடு இணைந்தது. கிளினிக்கல் நியூராலஜி எம்எஸ்சியை நடத்துவது அந்த நிறுவனம்தான்.

முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம். பாடங்கள் பிரமாதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. வலிப்பு, டிமென்ஷியா, நரம்பு தசை நோய்கள் என்று ஒவ்வொன்றையும் அந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்கிறவர் வந்து எடுப்பார். புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து கவனிக்கலாம். அங்கே பணியாற்றிய கவர்ஸ் என்ற அந்தக் கால டாக்டரின் பெயரில் நடக்கும் கேஸ் விவாதத்தில், அரங்கம் நிறைய டாக்டர்கள் இருக்க, மூத்தவர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து யோசனையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்கலாம். கடைசியில் ஒரு ஆய்வறிக்கை.

ஆனால் கவனியுங்கள், இதில் எல்லாமே பார்ப்பதும் கேட்பதும்தான். நோயாளி உங்கள் பொறுப்பில் இருக்கமாட்டார். இரவுப் பணி கிடையாது, முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய வேலையும் இல்லை. இந்தப் பட்டத்தை வைத்துப் பிரிட்டனிலேயே நியூராலஜிஸ்ட்டாக வேலை செய்ய முடியாது. பிறகு இந்தியாவில் எப்படி முடியும்? பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் முதுநிலைத் தகுதிகளை ஏற்கலாம் என்று 2008இல் இந்திய அரசு அறிவித்தது உண்மை. அதே அறிவிப்பில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அந்தத் தகுதி, அந்த நாட்டிலேயே அந்தத் துறை நிபுணராகப் பதிவு செய்ய ஏற்கப்படுவதாக இருக்க வேண்டும். எம்எஸ்சி அடிபடுவது இங்கேதான்.

கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். வெளிநாட்டு மாணவருக்குப் படிப்புச் செலவு மட்டும் முப்பதாயிரம் பவுண்டைத் தாண்டும். லண்டன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஐம்பது லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். 2024 ஜனவரியிலிருந்து இந்த மாதிரி எம்எஸ்சி படிப்புகளுக்குக் கணவனையோ மனைவியையோ துணை விசாவில் அழைத்துப் போகவும் முடியாது. கல்யாணமான எம்டிக்காரர்கள் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் அந்தப் படிப்பு? டிஎம் முடித்து ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவருக்குப் பயன்படும். பிஎச்டிக்கு முன்படியாக எடுப்பவர்களும் உண்டு. வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. அறிவுக்காகப் படிப்பவர் என்றால் எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

டிஎம்: நெரிசலான, ஆனால் கை பழகும் வழி

மூன்று வருட எம்டி, பிறகு மூன்று வருட டிஎம். ஜெனரல் மெடிசின் போலவே குழந்தை மருத்துவத்தில் எம்டி முடித்தவர்களுக்கும் டிஎம் நியூராலஜிக்குத் தகுதி உண்டு. நுழைவு நீட் எஸ்எஸ் வழியாக. எய்ம்ஸ், ஜிப்மர், பிஜிஐ, நிம்ஹான்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களுக்கு மட்டும் ஐஎன்ஐ எஸ்எஸ் என்ற தனித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை.

நீட் எஸ்எஸ்ஸில் நியூராலஜி மட்டும் தெரிந்தால் போதாது. ஜெனரல் மெடிசின் பிரிவில் எழுதும்போது இதயம், சிறுநீரகம், குடல், எண்டோகிரைன் எல்லாவற்றிலிருந்தும் கேள்வி வரும். ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பார்ப்பதில் ஆசை உள்ள பிள்ளை, ஈசிஜியில் கோட்டைவிட்டு ரேங்கை இழப்பது சாதாரணம். தேர்வுத் தேதியையும் நம்ப முடியாது. 2024ஆம் ஆண்டுக்கான நீட் எஸ்எஸ் 2025 மார்ச் கடைசியில்தான் நடந்தது. எம்டி முடித்தவர்கள் நடுவில் சீனியர் ரெசிடென்டாகவோ டியூட்டி டாக்டராகவோ காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது. "திரும்பத் திரும்ப எழுதிட்டு உட்கார்ந்திருக்கிறது" என்ற சலிப்பு இங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது.

அரசுப் பணியில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கி 2020 நவம்பரில் அரசாணை வந்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன்படி கலந்தாய்வு நடத்த அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, சர்வீஸில் எம்டி முடித்த ஒருவர் லண்டன் பற்றி விசாரித்தால், "முதல்ல உங்க கோட்டாவைப் பாருங்க" என்றுதான் சொல்வேன். படித்து முடித்ததும் கட்டாயப் பணி ஒப்பந்தம் இருக்கும். வருடமும் தொகையும் அவ்வப்போது மாறுவதால், சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்த இடத்தில் படிக்கிறோம் என்பதற்கும் மதிப்பு உண்டு. வலிப்பு அறுவை சிகிச்சையில் ஆர்வம் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். 1995இலிருந்து அங்கே அது நடக்கிறது. அரிய நோய்களும் பெரிய லேபும் வேண்டும் என்றால் நிம்ஹான்ஸ். அங்கே எம்பிபிஎஸ் முடித்தவுடனேயே சேரக்கூடிய ஆறு வருட டிஎம்மும் இருக்கிறது. இருபத்துநான்கு வயதில் நியூராலஜிதான் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு அது அருமையான வழி. இடையில் மனம் மாறினால் கையில் எம்டி இருக்காது, அது ஒன்றுதான் பயம். சென்னை, வேலூர் என்றால் சொல்லவே வேண்டாம். ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சிஎம்சியில் நியூரோசர்ஜரியைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னை ஜிஎச்சில் பி. ராமமூர்த்தி. இவர்களோடு பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் சேர்ந்து நான்கு பேராக 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கியதும் சென்னையில்தான். லண்டன் என்றதும் வாயைப் பிளப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இங்கே கிடைக்கும் நோயாளிகளின் வகை வேறு எங்கும் கிடைக்காது. டிபி மூளைக்காய்ச்சல், மூளையில் நாடாப்புழுக் கட்டி, பிரசவத்துக்குப் பிறகு சிரையில் ரத்தம் உறைந்து வலிப்போடு வரும் பெண், கட்டுவிரியன் கடித்துக் கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் மூளைச்சாவு போலத் தோற்றம் தந்து, வெண்டிலேட்டரில் சில நாள் வைத்ததும் எழுந்து உட்காரும் விவசாயி. இவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே வார்டில் இருப்பார்கள். இளவயதில் கை கால் மெலிந்து, முகத் தசை தளர்ந்து, காதும் கேட்காமல் போகும் ஒரு நோய்க்கு மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே பெயர். 1970இல் சென்னையிலிருந்துதான் அது முதலில் விவரிக்கப்பட்டது.

டிஎம் ரெசிடென்டின் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். காலை எட்டரை மணிக்கு 108இல் ஒருவரை இறக்குகிறார்கள். வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? நோய் எப்போது தெரிந்தது என்பதிலிருந்து எண்ணக் கூடாது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து எண்ண வேண்டும். மனைவியைக் கேட்டால், "ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்தாருங்க, காலையில பார்த்தா இப்படி" என்கிறார். அப்படியே எழுதிக்கொண்டால் பத்து மணி நேரம் ஓடிவிட்டது, ஊசி கிடையாது. அனுபவம் உள்ள ரெசிடென்ட் அங்கே நிறுத்தமாட்டார். "காலையில எழுந்து எதுவும் செய்யலையாம்மா? மாடு இருக்கா வீட்டுல?" பின்னால் நிற்கும் மகன் சொல்கிறான், "அஞ்சரைக்குப் பால் கறந்து சொசைட்டியில ஊத்திட்டு வந்தாரு சார், அப்புறம்தான் திண்ணையில படுத்தாரு." மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. சிடியில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டால் ஊசி போடலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குத்தான் மூன்று வருடம். எந்த அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் இது வராது.

குறைகளும் உண்டு. நோயாளிக் கூட்டத்தில் படிக்க நேரம் கிடைக்காது. சில துறைகளில் இஇஜி என்ற மூளை மின்னலைப் பதிவு, நரம்புக் கடத்தல் பரிசோதனை எல்லாம் டெக்னீஷியன் கையிலேயே இருக்கும். ரெசிடென்ட் தானாகப் போய் நின்று கற்றுக்கொண்டால்தான் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் என்கெஃபலைட்டிஸ் போன்றவற்றுக்கு ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பிவிட்டு, நோயாளியின் குடும்பம் பணம் கட்டுமா என்று காத்திருக்க வேண்டியிருக்கும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் டிஎம் என்றால் கட்டணம் பல லட்சங்களில் போகும். நோயாளி எண்ணிக்கையை நேரில் போய்ப் பார்க்காமல் அங்கே சேராதீர்கள்.

டிஆர்என்பி

நியூராலஜி டிஎம்முக்கு உள்ள அதே நுழைவு, அதே மூன்று வருடம். பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில். கட்டணம் வருடத்துக்கு ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி இருக்கும். நிகர்நிலைக் கல்லூரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கதீட்டர் வழியாக ரத்தக் கட்டியை எடுக்கும் வசதி, நல்ல எம்ஆர்ஐ, வீடியோ இஇஜி எல்லாம் பல இடங்களில் அரசு மருத்துவமனையைவிடச் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் நோயாளி கன்சல்டன்டைப் பார்க்கப் பணம் கட்டி வந்தவர். சுயமாக முடிவெடுக்க ரெசிடென்டுக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்களில் தேறினால்தான் செய்முறைக்குப் போக முடியும், தேர்வாளர்களும் வெளியிலிருந்து வருவார்கள். சட்டப்படி டிஎம்முக்குச் சமம்தான். கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்றால் மட்டும் கூடுதல் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிராக்டிஸ்தான் நோக்கம் என்றால் கிடைத்த டிஆர்என்பி இடத்தை விட்டுவிட்டு அடுத்த வருட டிஎம்முக்குக் காத்திருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பிரிட்டனும் அமெரிக்காவும்

பிரிட்டனில் முழுப் பயிற்சி என்பது எம்எஸ்சியோடு சம்பந்தமில்லாத பாதை. பிளாப் அல்லது எம்ஆர்சிபி தேர்வு மூலம் டாக்டராகப் பதிவு, மூன்று வருடம் இன்டர்னல் மெடிசின் பயிற்சி, பிறகு ஐந்து வருடம் நியூராலஜி. 2022 ஆகஸ்டில் வந்த பாடத்திட்டப்படி நியூராலஜி படிப்பவர் பொது மருத்துவத்திலும் சேர்த்தே சான்று பெற வேண்டும், ஸ்ட்ரோக்கும் உள்ளே வந்துவிட்டது. பயிற்சி இடம் கிடைப்பதற்கு முன் ஓரிரு வருடம் வேறு பணியிடங்களில் ஓடும். மொத்தம் பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நியூராலஜி பெரும்பாலும் புறநோயாளித் துறை. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், தலைவலி, ஸ்கேனில் எதுவும் தெரியாத செயல்சார் கோளாறுகள். நிதானமாக முக்கால் மணி நேரம் ஒரு நோயாளியோடு பேசுகிற சுகம் நமக்கு இங்கே கனவிலும் கிடைக்காது. ஆனால் பிரிட்டனில் படித்தவர்களுக்கே பயிற்சி இடங்களில் முன்னுரிமை என்று அந்த நாட்டு அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்திலேயே சொல்லிவிட்டது. இப்போது எம்பிபிஎஸ் முடிக்கும் ஒருவரை நான் அந்தப் பக்கம் தள்ளமாட்டேன்.

அமெரிக்காவில் காலம் குறைவு, பணம் அதிகம், பதற்றமும் அதிகம். யுஎஸ்எம்எல்இ முதல் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருவதால் இரண்டாவது தேர்வின் மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அங்கே போய் சில மாதம் ஒப்சர்வராக நின்று சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். ரெசிடென்சி எனும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முடிவு மார்ச்சில் வரும். கிடைத்தால் நான்கு வருடம்: முதல் வருடம் பெரும்பாலும் இன்டர்னல் மெடிசின், அடுத்த மூன்றும் நியூராலஜி. வேலை கடுமை, பாதி நேரம் ஸ்ட்ரோக் அழைப்புக்கு ஓடுவதிலேயே போகும். ஆனால் சொல்லித்தருவதில் ஒரு ஒழுங்கு இருக்கும். மேற்கொண்டு ஒரு வருடம் வலிப்பிலோ ஸ்ட்ரோக்கிலோ ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி. அறுவை சிகிச்சைத் துறைகளைப் போலில்லாமல் நியூராலஜி வெளிநாட்டுப் பட்டதாரிகளை ஓரளவு ஏற்கும் துறை என்பதும் நமக்குச் சாதகம்.

இடிப்பது விசாதான். ஜே1 விசாவில் போனால் முடித்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை பார்த்து விலக்குப் பெற வேண்டும். கான்ராட் 30 என்ற அந்தத் திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு முப்பது பேர்தான். எச்1பி என்ற வேலை விசா என்றால் 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைச் சின்ன மருத்துவமனைகள் எப்படிக் கட்டும் என்பது தனிக் கேள்வி.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்டி மெடிசின் தேறியபின் நியூராலஜியில் சீனியர் ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி. அதிலேயே ஒரு பகுதி வெளிநாட்டில். உள்ளூர்ப் பயிற்சியையும் வெளிநாட்டு அனுபவத்தையும் ஒரே பாதைக்குள் வைத்த அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். இங்கே அதை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செய்யவும் முடியும். டிஎம் முடித்த பிறகு கனடாவுக்கு ஃபெலோவாகப் போவது பலர் போகும் வழி. ஸ்ட்ரோக் என்றால் கால்கரி, பார்க்கின்சன் போன்ற அசைவுக் கோளாறுகள் என்றால் டொரன்டோ. பிரிட்டனில் இரண்டு வருடம் வரை வேலை செய்து கற்றுத் திரும்பும் மெடிக்கல் டிரெய்னிங் இனிஷியேட்டிவ் (எம்டிஐ) திட்டமும் உண்டு. அங்கே நீங்கள் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பீர்கள், சம்பளமும் பல இடங்களில் உண்டு. எம்எஸ்சிக்கு ஐம்பது லட்சம் செலவழிக்க நினைப்பவர் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சரி, இரண்டு முறை நீட் எஸ்எஸ் எழுதியும் நியூராலஜி கிடைக்காதவர்? வயது முப்பத்திரண்டு, வீட்டில் அழுத்தம். மூன்றாவது முறை எழுதலாமா என்று கேட்டால் ரேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன். சில நூறு ரேங்கில் தவறவிட்டவர் எழுதட்டும். வெகுதூரம் பின்னால் இருப்பவர், எம்டியோடு ஸ்ட்ரோக் அல்லது வலிப்பில் ஒரு மருத்துவமனை ஃபெலோஷிப் செய்து, மாவட்டத் தலைநகரில் பிசிஷியனாக உட்காரலாம். நியூராலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாதுதான். ஆனால் அறுபது கிலோமீட்டர் சுற்றளவில் நியூராலஜிஸ்ட்டே இல்லாத ஊர்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. வலிப்பு மாத்திரையைச் சரியான அளவில் தருகிற ஒரு பிசிஷியனுக்கு அங்கே ஓய்வே கிடைக்காது.